நம் லொக்

மழை இருட்டு.
நாலு கோட்டில் மூன்று எரிகிறது,
பக்கத்தில் மஞ்சளாய் ஒரு முக்கோணம்.
இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை
என்கிறது கம்பியூட்டர்.
அதெப்படி என்று கேட்க வாயெடுத்து
சுவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ரவுட்டர் நிரஞ்சலாவின் பக்கம்.
அம்மா இரண்டு பேருக்குமாய் எழுதிய வீட்டை
போன ஆவணியில் தவராசா மேசன்
நடு ஹோலில் கல் வைத்துப் பிரித்தார்.
கரண்ட் மீற்றர் இரண்டாயிற்று. கிணறு ஒன்றுதான்.
வைஃபையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை,
அது பாட்டில் ஆறங்குலக் கல்லைத் துளைத்து
வந்துகொண்டிருந்தது.
மாதம் பிறந்தால் பாதிக் காசை
அவள் மகன் கையில் கொடுத்துவிடுவேன்.

இடமாற்ற விண்ணப்பத்துக்கு வெள்ளிதான் கடைசி.
ஏழு வருசமாய்
குருமண்வெளியில் பாதை ஏறி
மண்டூரில் இறங்கி, மறுகா ஒரு பஸ்.
(வெளியூராருக்கு: பாதை என்பது
வாவியில் மிதக்கிற இரும்புத் தட்டு.)
அதில் நின்றபடி கொப்பி திருத்தி
தூறலில் கரைந்த விடைகளுக்கும்
புள்ளி போட்டிருக்கிறேன்.

செவ்வாய் இரவு ஹொட்லைனுக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தி
இருபது நிமிசம் ஒரே வீணை.
பிறகு ஒரு பொடியன், தூக்கக் குரல்:
"மிஸ், அந்த நெட்வேர்க்க மறக்கச் சொல்லுங்க,
மறுகா புதுசா சேருங்க."
ஒரு கிளிக்தான். மறந்தே போயிற்று.

இனி பாஸ்வேட்.
கபிஷ்நாத், அவன் பிறந்த வருசம்.
அவன் தொட்டிலில் கிடந்தபோது
நான்தான் போட்டுக் கொடுத்தது.
பிழை.
ஒவ்வொரு எழுத்தாய் அமத்தினேன். பிழை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன். பிழை.

சரி. மாற்றிப்போட்டாள்.
எல்லையில் நிற்கிற தென்னையின் தேங்காய்
எந்தப் பக்கம் விழுந்தால் யாருக்கு என்ற கதைக்குப் பிறகு
மாற்றாமல் விடுவாளா?
காசை வாங்கிக்கொண்டே மாற்றியிருக்கிறாள்.
புதனும் வியாழனும் கிணற்றடியில்
அவள் வாளியை வைக்க நான் எடுத்தேன்,
முகத்தைப் பார்க்கவில்லை.

இரவில் வேறு வலை தேடினேன்.
சலூன் ரூபன். கோயில் ஒஃபிஸ்.
யாரோ வைத்த பெயர்: காசு தா.
பிரதான வீதியால் கொழும்பு பஸ் போகையில்
அரை நிமிசம் அதன் வைஃபையும் வந்து
களுதாவளைப் பக்கம் போய்விட்டது.
எல்லாவற்றிலும் பூட்டு.

வியாழன் பதினொன்றரை.
கடைசியாய் ஒருமுறை என்று அடித்துவிட்டு
பெட்டிக்குள் விழுந்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன்.
பத்து.
பதினான்கல்லவா விழவேண்டும்?
எண்கள் நாலும் விழவேயில்லை.
கணக்கு ரீச்சர் நான்,
மூன்று நாளாய் எண்ணவில்லை.

கீபோர்ட்டின் வலது மூலையில்
நம் லொக் விளக்கு அணைந்து கிடந்தது.
திங்கள் தூசி தட்டிய என் துணியே
அமத்தியிருக்கும்.
முதல் நாள் நெட் நின்றதற்கும்
இடிக்குப் பயந்து அவள் பிளக்கைக் கழற்றியதுதான்
காரணமாயிருக்கும். மாரியில் எப்போதும் செய்வாள்.

அமத்தினேன். எரிந்தது. நுழைந்தது.
விண்ணப்பம் திறக்கமுன்
மூன்று நாள் பசியில் கிடந்த கம்பியூட்டர்
தன்னைத்தான் புதுப்பிக்கத் தொடங்கிற்று.
அவள் டேட்டா. மாசக் கடைசி.
நிறுத்துகிற பட்டனைக் காணவில்லை.

சுவருக்கு அங்கால செருப்புச் சத்தம்.
"அக்கோவ்! நெட் ஏன் இப்பிடி இழுக்குது?
நீயா?"

ஆவணிக்குப் பிறகு
கூரைக்கு மேலால் வந்த முதல் பேச்சு.

"அப்டேட்டு!" என்று கத்தினேன்.
குரல் நினைத்ததைவிடப் பெரிதாய் வந்தது.

"எவ்வளவுகா போயிருக்கு?"

திரையைப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு வீதம்.
முப்பது என்றேன்.